காலால் கேட்டவர்

தன்னார்வ வாகன ஓட்டுநர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏழாவது வரியில் இருந்தது. அதன் மேல் சிவப்பு மையால் கோடிழுத்து, ஓரத்தில் சுருக்கொப்பமிட்டவன் நான். வருவாய்த் துறையில் இருந்த காலத்தில் ஆயிரக்கணக்கான பெயர்களை அடித்திருக்கிறேன். இறந்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், உயிரோடிருந்தும் பட்டியலில் மட்டும் இறந்துபோனவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. எதற்காகவும் தூக்கம் கெட்டதில்லை. அந்த ஒரு கோடு மட்டும் ஓய்வு பெற்ற பிறகும் என்னோடு தஞ்சாவூருக்குக் குடிவந்துவிட்டது.

பட்டியல் என்றால் பெரிய கௌரவம் ஒன்றுமில்லை. புயலோ வெள்ளமோ வந்து சாலைகள் மூழ்கிவிட்டால், ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக முடியாத இடங்களுக்கு, நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் வைத்திருப்பவர்கள் முன்னால் போய் வழி பார்ப்பார்கள், ஆட்களை ஏற்றி வருவார்கள். பட்டியலில் இருப்பவருக்குக் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுப்போம். அதைக் காட்டினால் போலீஸ்காரர் தடுப்பை விலக்கி விடுவார். அவ்வளவுதான். மற்றவர்கள் அட்டையை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தார்கள். இவர் சித்திரை வெயிலிலும் அதை மாட்டிக்கொண்டு திரிந்தார்.

நெடிய, ஒல்லியான மனிதர். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி. வளைகுடா நாடொன்றில் எண்ணெய்க் கம்பெனிக்காகப் பல வருடம் பாலைவனத்தில் வண்டி ஓட்டியவர். திரும்பி வந்து, குத்தாலம் போகும் சாலையில் பம்ப்செட் உதிரி பாகக் கடை வைத்தார். கடையை அவர் மனைவி நடத்தினார். இவர் நடத்தியது ஒரு பழைய டீசல் ஜீப்பை. எங்கள் பகுதியில் மேடு என்று சொல்லத் தகுந்தது ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். அங்கே மலையேறும் வண்டியை வைத்துக்கொண்டு ஒருவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. தண்ணீருக்காகக் காத்திருந்தார்.

காத்திருந்தார் என்பதுகூடச் சரியான சொல் அல்ல. அவருக்குக் காத்திருக்கத் தெரியாது. தாலுகா ஆபீஸில் என் அறைக்கு வந்தால் உட்கார மாட்டார்.

"உக்காருங்க."

"இருக்கட்டும் சார், வண்டி ஓடிக்கிட்டிருக்கு."

வண்டி உண்மையிலேயே போர்டிகோவில் ஓடிக்கொண்டிருக்கும். புகை தலைமை எழுத்தரின் ஜன்னலுக்குள் போகும். அவர் இருமிக்கொண்டே வந்து என்னிடம் வாய்மொழிப் புகார் தருவார். எழுத்துமூலம் கொடுங்கள் என்பேன். அதோடு அது முடிந்துவிடும்.

பட்டியலில் சேர ஒரு படிவம் உண்டு. ஓட்டுநர் உரிமம், காப்பீடு, உடல்தகுதிச் சான்று, காவல் நிலையத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம், புகைப்படம் இரண்டு. அவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுவந்தார். அரசு வரலாற்றில் அது சாதனை. ஆனால் 'அவசர காலத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடத்தில் தன் எண்ணையே எழுதியிருந்தார்.

"இங்க உங்க வீட்டுக்காரங்க நம்பர் எழுதணும்."

"அவசரம்னா என்னத்தான சார் கூப்பிடணும்? அவ என்ன பண்ணுவா?"

விளக்கிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. படிவம் அப்படியே கோப்பில் போயிற்று.

வருடா வருடம் புரட்டாசியில் பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு துறையும் தான் தயாராக இருப்பதாகச் சொல்லும். படகு எத்தனை, மணல் மூட்டை எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை என்று வாசிப்பார்கள். இவர் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக நடந்துகொண்டே இருப்பார். ஒரு தடவை, வாசிப்பு இரண்டாம் மணி நேரத்தைத் தாண்டியபோது, சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"சார், அந்த மரம் அறுக்கற மிஷின யாராவது இந்த வருசம் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. கூட்டக் குறிப்பில் அந்தக் கேள்வியை நான் பதியவில்லை. பதிந்தால் பதிலையும் பதிய வேண்டும்.

அவரைப் புரிந்துகொள்ள உதவியது அவரே சொன்ன ஒரு விஷயம்தான். "மணல்ல வண்டி நின்னா பொதைஞ்சிடும் சார். நிக்காம போயிட்டே இருக்கணும். பதினெட்டு வருசம் அப்படியே ஓட்டிட்டேனா, உடம்பு பழகிடுச்சு. ஆனா இங்க மண்ணு வேற. இது களி. தெரியாம எறங்கினா இழுத்து வெச்சுக்கும். அதனால மொதல்ல காலால கேக்கணும்."

காலால் கேட்பது என்று அவர் சொன்னது இதைத்தான். மூழ்கிய பாதை எதுவானாலும், வண்டியை இந்தப் பக்கம் ஓடவிட்டுவிட்டு, மூங்கில் கழியோடு இறங்கி மறுகரை வரை நடந்து பார்ப்பார். விளிம்பு எங்கே, பள்ளம் எங்கே, தார் எங்கே பெயர்ந்திருக்கிறது என்று பாதத்தாலேயே தடவிப் பார்ப்பார். திரும்பி வந்த பிறகுதான் ஸ்டீயரிங்கைத் தொடுவார். எதற்கும் பொறுக்காத அந்த மனிதர் இதற்கு மட்டும் எத்தனை நேரமானாலும் பொறுத்தார். அவசரப்படுத்திய பெரிய அதிகாரிகளுக்கும் ஒரே பதில்தான்: "நீங்களும் எறங்கி வாங்க சார், ரெண்டு பேருமா நடந்தா சீக்கிரம் முடியும்." யாரும் இறங்கியதில்லை.

மழையில்லாத மாதங்களில் அவர் படுத்திய பாடு தனி. ஒரு கோடையில் தாலுகா முழுக்கச் சுற்றி, தரைப்பாலங்களின் கைப்பிடிச் சுவர்களில் பெயிண்டால் கோடு போட்டு வைத்தார். முழங்கால் உயரத்தில் ஒரு கோடு, அதுவரை ஜீப் போகும். இடுப்பளவில் இன்னொன்று, அதுவரை டிராக்டர். அதற்கு மேல் போனால் படகு. நல்ல யோசனைதான். ஆனால் அரசுச் சொத்தில் அனுமதியின்றி வர்ணம் பூசியதாகப் புகார் வந்தது. நோட்டீஸ் அனுப்ப வேண்டியவன் நான். அனுப்பினேன். பதினைந்து நாளில் விளக்கம் கேட்டிருந்தேன். அன்று சாயங்காலமே நேரில் வந்து நின்றார்.

"விளக்கந்தான சார்? தண்ணி வரும்போது உங்களுக்கே வெளங்கிடும்."

கோடுகளை அழிக்க ஆணையிட்டோம். அழிக்கப் பெயிண்ட் ஒதுக்கீடு வரவில்லை. கோடுகள் பிழைத்தன.

திருக்கடையூரில் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கலச நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கண் வானத்தில் இருந்தது. மறுநாள் கோடியக்கரைப் பக்கம் புயல் கரை கடக்கப் போவதாக அன்று காலையில் அறிவிப்பு. மணமேடையில் ஈர வேட்டியோடு நின்றவரின் இடுப்பில் போன் அடித்தது. கீழ்க்கரையில் ஒரு பள்ளிக்கூட வேன் தண்ணீரில் நின்றுவிட்டதாம். கிளம்பிவிட்டார். சாஸ்திரிகள் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அவர் மனைவி என்னைத்தான் பார்த்தார்.

"சார், கட்டிட்டுப் போகச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு."

நான் சொன்னேன். கேட்டார். மூன்று முடிச்சையும் மூன்று நொடியில் போட்டுவிட்டு, மாலையோடு ஜீப்பில் ஏறினார். பந்தியில் அந்த அம்மாள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு நேர் எதிர் இலை.

"எப்பவும் இப்படித்தானா?" என்றேன்.

"வெள்ளம் வந்தா வீட்டுல இருக்க மாட்டாரு சார். வெள்ளம் வரலைன்னா யாரையும் இருக்க விடமாட்டாரு. நான் வருணபகவான்கிட்ட எத வேண்டிக்கறதுன்னு தெரியாம நிக்கறேன்."

அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் எனக்கு அன்று முதல் ஒரு நெருடல். ஊரெல்லாம் மூழ்கும்போதுதான் இந்த மனிதருக்கு முகம் மலர்கிறது. இது தொண்டா, வேறு ஏதாவதா? மக்களுக்காகப் போகிறாரா, தனக்காகப் போகிறாரா? அப்படி ஒரு பத்தி எந்தப் படிவத்திலும் இல்லை.

இனி அந்தக் கார்த்திகை நாள்.

மூன்று நாள் விடாத மழை. பிரதான சாலையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே, வயல் நடுவில் இருபது வீடு இருக்கும் ஒரு குடியிருப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. அங்கே நிறைமாதப் பெண் ஒருத்திக்கு வலி எடுத்திருந்தது. உள்ளேயே மாட்டிக்கொண்ட கிராம நர்ஸ் போனில் கத்தினார்: "பனிக்குடம் ஒடைஞ்சு மூணு மணி நேரமாச்சு சார்! கொழந்தை குறுக்கால கெடக்கு. இங்க வெச்சு என்னால ஒண்ணும் பண்ண முடியாது!"

ஆம்புலன்ஸ் பிரதான சாலையோரம் நின்றது. இவருடைய ஜீப் அதற்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தது. தனியார் வாகனம் தண்ணீரில் இறங்கினால் அரசு அலுவலர் ஒருவர் உடன் செல்ல வேண்டும் என்பது விதி. விதியை மதித்து நானே ஏறினேன். மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட புலப்படம். எந்தச் சர்வே எண்ணில் பாதை, எதில் வாய்க்கால் என்று நில அளவைத் துறை வரைந்து வைத்திருக்கும் படம்.

எதிரே படம் காட்டிய எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வயல், வரப்பு, வாய்க்கால், பாதை எல்லாம் ஒரே பழுப்புத் தண்ணீர். நடுவில் வரிசையாக மின்கம்பங்கள் மட்டும். மழையில் வெளியே ஓர் ஆள் கிடையாது.

அவர் வழக்கம்போலக் கழியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"நடந்து பாத்துட்டு வந்துடறேன் சார். எனக்கு இந்த ஊர்ப் பாதை பழக்கமில்ல."

"எவ்வளவு நேரமாகும்?"

"போக வர முக்கால் மணி. தண்ணி இழுப்பா இருக்கு."

போன் மறுபடி அடித்தது. நர்ஸ்தான். பின்னால் அந்தப் பெண் அலறுவது கேட்டது. பிறரைக் காக்க வைப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த எனக்கு, அந்தக் கணத்தில் முக்கால் மணி பொறுக்கவில்லை.

"நடக்க வேணாம், ஏறுங்க. இதோ படத்துல இருக்கு. கம்பத்துக்கு வடக்கால பதினாறடி வண்டிப்பாதை. தெக்கால வாய்க்கால். கம்பத்த வலது கைப்பக்கம் வெச்சுக்கிட்டு நேரா விடுங்க."

அவர் படத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கவர்மெண்ட் படமா சார்?"

"பின்ன?"

"சரிங்க."

முதல் இருநூறு அடி படம் சொன்னபடியே இருந்தது. எனக்குச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது கம்பம் தாண்டியதும் முன்சக்கரம் இரண்டும் இல்லாமல் போயின. ஜீப் மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது. தண்ணீர் கண்ணாடிவரை வந்து, என் மடியிலிருந்த படத்தை எடுத்துக்கொண்டு போயிற்று.

பின்பக்கமாக என்னை இழுத்து வெளியே போட்டவர் அவர்தான். மின்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். படத்தின்படி அங்கே வாய்க்கால். அவர் முழங்கால் தண்ணீரில் நின்றார். காலை ஒரு முறை ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

"பாதை இங்க இருக்கு சார்" என்றார். பிறகு குடியிருப்பை நோக்கிக் கிட்டத்தட்ட ஓடினார்.

ஓடும் ஜீப் ஐந்து நிமிடத்தில் கொண்டுவந்திருக்க வேண்டிய பெண்ணை, நாடாக் கட்டிலில் வைத்து நான்கு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். இவர் கழியோடு முன்னால் நடந்தார். "முழங்கால்… முழங்கால்… எடது பக்கம் ஓட்டை, ஒதுங்கி வாங்க… முழங்கால்…" அந்தக் குரல் ஒரே சீராக இருந்தது. நான் கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பற்றியிருந்தாள். விரல் தடம் நான்கு நாள் இருந்தது.

கட்டில் சுமந்தவர்களில் வயதானவர் ஒருவரிடம் மூச்சிரைக்கக் கேட்டேன். "இங்க வடக்கால பாதைன்னுதானே இருக்கு?"

"அது எங்க அப்பா காலத்துல சார். மேட்டு வயலுக்குத் தண்ணி ஏறலன்னு ஊர் கூடிப் பேசி, வாய்க்கால வடக்கால வெட்டிக்கிட்டு, பாதைய இந்தப் பக்கம் போட்டுக்கிட்டோம். இருவது வருசமாச்சு."

"ஆபீஸ்ல சொல்லலியா?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டோம்.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது. பிழைத்துவிட்டதால் அவர்களுக்குக் கோப்பில் இடமில்லை. கவிழ்ந்த வண்டிக்குத்தான் இடம். அரசு அலுவலர் இருந்த வாகனம் வாய்க்காலில் விழுந்தது எப்படி என்று மேலிடம் அறிக்கை கேட்டது.

நான் எழுதினேன்: 'மேற்படி ஓட்டுநர், வழியின் நிலையை நேரில் நடந்து உறுதி செய்துகொள்ளாமல் வாகனத்தை நீரில் இறக்கியதே விபத்துக்குக் காரணம் எனத் தெரியவருகிறது.'

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படி எழுதத்தான் எனக்கு அத்தனை ஆண்டுகள் சம்பளம் கொடுத்தார்கள். எனக்கு ஓய்வுக்கு ஒன்பது மாதம் இருந்தது. விசாரணை நிலுவையில் இருந்தால் ஓய்வூதியம் நிற்கும் என்பது எந்த விதியில் வருகிறது என்றும் எனக்குத் தெரியும்.

வாக்குமூலத்தில் கையெழுத்திட அவரை அழைத்தேன். நின்றபடியே வாசித்தார். முழுவதும் வாசித்தார்.

"நடக்கல. அது நெசந்தான்" என்றார். கையெழுத்துப் போட்டார். "அடுத்த புயல் எப்ப சார்?"

இரண்டு வாரத்தில் ஆணை வந்தது. சிவப்பு மையை எடுத்தேன். அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு கடைநிலை ஊழியரை அனுப்பினேன். நான் போகவில்லை.

அடுத்த மாதமே மழை வந்தது. அலுவலக வண்டியில் ஒரு பாலத்தைக் கடக்கும்போது பார்த்தேன். போலீஸ் தடுப்புக்கு இந்தப் பக்கம், பழுதுபார்த்த ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சுற்றி அவர் நடந்துகொண்டிருந்தார். காலையில் நான் போகும்போதும் அங்கே இருந்தார், பிற்பகல் திரும்பும்போதும் அங்கேயே. சட்டைமேல் அட்டை தொங்கிய இடத்தில் கை அடிக்கடி போய் வந்தது. என்னைக் கண்டதும் ஜன்னலருகே ஓடி வந்தார்.

"எங்க சார் தண்ணி? எவ்வளவு நிக்குது? என்னை உள்ள விட வேணாம், யாராவது நடந்து பாத்தாங்களான்னு மட்டும் சொல்லுங்க."

"பாத்துக்குவாங்க" என்றேன். கண்ணாடியை ஏற்றினேன்.

ஓய்வு பெற்ற மறு சித்திரையில், கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நானே வழி சொன்னேன், நானே நடக்க வேண்டாமென்று தடுத்தேன், ஆகவே அவர் பெயரை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று. அனுப்பும் முன் அவரிடம் காட்டிவிட நினைத்தேன். உண்மையைச் சொன்னால், காட்டுவதற்குத்தான் எழுதினேன். தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

அவர் மனைவி கடையிலிருந்து எழுந்து வந்தார். "வாங்க சார். கொட்டகையில இருக்காரு. ஒரு வருசமா வண்டிய கழட்டறாரு, மாட்டறாரு, கழட்டறாரு. எனக்கே பாவமா இருக்கு." குரலில் கோபமில்லை. எனக்கு அது வசதியாக இல்லை.

ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டியிருந்தன. கால்கள் ஆடிக்கொண்டே இருந்தன. வெளியே வந்தவர் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு, கடிதத்தை நின்றபடியே வாசித்தார். வாசித்ததும் மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"அந்தப் படம் இன்னும் அப்படியேதான் சார் இருக்கா?"

எனக்குப் புரியவில்லை. "எந்தப் படம்?"

"அந்தப் பாதை. வடக்காலதான் இன்னும் போட்டிருக்கா?"

இருந்தது. அதை மாற்ற வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை. என் குற்றத்தைத் திருத்துவதற்கான விதிகளை ஒரு வருடமாகத் தேடியவன், படத்தைத் திருத்தும் விதியை ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

"இந்த ஐப்பசிக்கு வேற ஒருத்தன் அந்தப் படத்த வெச்சுக்கிட்டு எறங்குவான் சார். எனக்காவது நீஞ்சத் தெரியும், அவனுக்குத் தெரியாமப் போயிட்டா? அதுக்கு மனு எப்படிப் போடணும், உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும். மனு, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, பட்டாதாரர்களின் சம்மதம், நில அளவர், கூட்டுப் புலத்தணிக்கை, திருத்த ஆணை. எத்தனை மழைக்காலம் பிடிக்கும் என்பதும் தெரியும்.

"மொத வேலை என்ன?"

"உத்தேச வரைபடம் ஒண்ணு இணைக்கணும். அளந்து."

"ஏறுங்க."

"இப்பவா? நாம அளந்தா அது செல்லாதுங்க, சர்வேயர்தான்…"

வண்டி கிளம்பிவிட்டது.

வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது. சித்திரையில் பார்த்தால் எது பாதை, எது பள்ளம் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். நூறடி டேப்பை எடுத்துக்கொண்டு அவர் இறங்கினார். நான் ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை விரித்து மனுவை எழுதினேன். பொருள், பார்வை, சர்வே எண். பிறகு, 'திருத்தம் கோருவதற்கான காரணம்.'

எந்தக் காரணத்தையும் யார் மீதும் படாமல் எழுத எனக்கு வரும். இந்தத் தடவை அப்படி எழுதவில்லை: 'இந்தப் படத்தை நம்பி, நடந்து பார்க்க இருந்த ஓட்டுநரைத் தடுத்து, வாகனத்தை நேராக வாய்க்காலில் இறக்கச் சொன்னவன் நான். அப்போது இந்த வட்டத்தின் தாசில்தாராக இருந்தேன். ஓட்டுநர் மீது தவறில்லை. என் அறிக்கை உண்மையை மறைத்தது.'

அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பாதி வாசிக்கும்போதே அவர் பார்வை கம்பங்களை எண்ணிக்கொண்டிருந்தது.

"ரொம்ப நீளமா இருக்கு சார். சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, வெயில் ஏறுது" என்றார்.

போட்டேன். டேப்பின் வளையத்தை என் விரலில் மாட்டிவிட்டு, மறுமுனையோடு அவர் வாய்க்காலுக்குள் குதித்தார்.

"வடக்குக் கரை வரைக்கும் இழுக்கறேன் சார். விட்டுடாதீங்க."